பேசாமல் விட்டால் ஆறு

எங்கள் அலுவலகத்தில் எனக்குப் படக்காரர் என்று பெயர். சினிமாப் படம் இல்லை, கோட்டுப் படம். உழைக்கிறவர்களின் ஓய்வுகாலச் சேமிப்பை வாங்கி, நாற்பத்தொரு நிதிகளாகப் பிரித்து, சந்தையில் போட்டு வளர்ப்பதாகச் சொல்லிக்கொள்ளும் மன்றம் எங்களுடையது. வளர்ந்ததா இல்லையா என்று மாதம் ஒருமுறை படம் போட்டுக் காட்டுவது என் வேலை. கட்டடம் ஒன்பது மாடி. எட்டு மாடிக்காரர்கள் ஒன்பதாவது மாடிக்காக அறிக்கை எழுதுகிறார்கள். ஒன்பதாவது மாடியில் யாரும் அறிக்கை படிப்பதில்லை, படம் மட்டும் பார்ப்பார்கள்.

அந்தப் படம் என்னவென்று சொல்லிவிடுகிறேன், பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஒரு நிதி ஏறுவதற்கும் இறங்குவதற்கும் காரணங்கள் உண்டு. மொத்தச் சந்தையும் ஏறினால் அதுவும் ஏறும். வட்டி உயர்ந்தால் இறங்கும். எண்ணெய் விலை, நாணய மதிப்பு என்று இன்னும் இரண்டு மூன்று. இந்தக் காரணிகளை மட்டும் வைத்துக்கொண்டு, இந்த நிதி இந்த மாதம் இவ்வளவு ஏறியிருக்க வேண்டும் என்று கம்ப்யூட்டர் ஒரு கணக்குப் போடும். அதற்குக் காரணி மாதிரி என்று பெயர். மாதிரி சொன்னதை நீலக் கோடாகவும், நிஜமாக நடந்ததைக் கறுப்புக் கோடாகவும் ஒரே கட்டத்தில் வரைந்தால் இரண்டுக்கும் நடுவில் ஓர் இடைவெளி தெரியும். அந்த இடைவெளிதான் எங்கள் ஆட்களின் கைவண்ணம். கறுப்பு மேலே இருந்தால் தலைவர் அதைத் 'திறமை' என்பார். கீழே இருந்தால் 'சந்தையின் இரைச்சல்' என்பார். பதினோரு வருடமாக இந்த இரண்டு வார்த்தைகளை வைத்தே அவர் காலத்தை ஓட்டிவிட்டார்.

மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை மன்றம் கூடும். விளக்கை அணைப்பார்கள். நான் மென்பொருளைத் திறந்ததும் அது திரையில் பன்னிரண்டு வகைப் படங்களைப் பட்டியல் போட்டு, 'எந்தப் படம்?' என்று கேட்கும். தலைவர் எழுந்து நின்று "மூன்று" என்பார். மற்ற பதினான்கு பேரும் "மூன்று" என்பார்கள். நான் மூன்று தட்டுவேன். அடுத்து அது, 'எத்தனை நிதிகள்? (பேசாமல் விட்டால் ஆறு)' என்று கேட்கும். உடனே எல்லோரும் பேச்சை நிறுத்திக்கொள்வார்கள். அரை நிமிடம் மௌனம். துணைத் தலைவர் ஒருமுறை இருமிவிட்டு வாயைப் பொத்திக்கொள்வார். பிறகு நான் என்டரைத் தட்டுவேன். முதல் ஆறு நிதிகளின் படங்கள் மேலே மூன்று, கீழே மூன்றாக வந்து நிற்கும். எல்லோரும் மூச்சு விடுவார்கள்.

எனக்கு முன்னால் இருந்த படக்காரர் விட்டுப்போன ஓர் அட்டை என் மேஜையில் இருக்கிறது. 'மூன்று தட்டு. அப்புறம் எதையும் தட்டாதே. என்டர்.' அதைப் பெற்றுக்கொண்டதற்கு மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மீதி முப்பத்தைந்து நிதிகளுக்கு வேறொரு படக்காரர் இருப்பார், அநேகமாக ஏழாவது மாடியில், என்று நினைத்துக்கொண்டேன். பெரிய அலுவலகத்தில் தெரியாத விஷயமெல்லாம் வேறு மாடியில் நடக்கிறது என்று நினைத்துக்கொள்வதுதான் உடம்புக்கு நல்லது. அப்படியே மூன்று வருடம் ஓடியது.

அக்கா டவுன் பஸ் ஓட்டுகிறாள். இருபத்தாறு வருடமாக ஓட்டுகிறாள். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு என்னைப் படிக்கவைத்தது அவள் மிதித்த கிளட்ச்தான். மிதித்து மிதித்து இடது முட்டி தேய்ந்துவிட்டது. இன்னும் ஒரு வருடம், அதற்கு மேல் அந்தக் காலை நம்பாதே என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவளுடைய சேமிப்பு முழுவதும் எங்கள் மன்றத்தில்தான் இருக்கிறது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஒரு நிதியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொள்ள அனுமதிப்பார்கள். இந்த வருடம் அந்த வாய்ப்பு உறுப்பினர் மாநாட்டு நாளோடு முடிகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போயிருந்தபோது, முட்டிக்கு வெந்நீர்ப் பை வைத்துக்கொண்டே கேட்டாள்.

"டேய், இருபத்தொன்பது எப்படிடா போகுது?"

"எது இருபத்தொன்பது?"

"என் நிதிடா. நீதானே படம் போடறே."

சாப்பாட்டு மேஜைக் கண்ணாடிக்கு அடியில் மன்றத்தின் வருடாந்தரத் துண்டறிக்கையை வைத்திருந்தாள். தம்பி போட்ட படம் என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவாளாம். நான் குனிந்து விரலை வைத்து எண்ணினேன். ஒன்றிலிருந்து ஆறு வரை. அக்கா, மறுபக்கத்தில் இருக்கும் என்றாள். கண்ணாடியைத் தூக்கித் திருப்பிப் பார்த்தோம். மறுபக்கத்தில் தலைவரின் புகைப்படம் இருந்தது.

மறுநாள் காலை அலுவலகத்துக்குப் போனதும் கதவைச் சாத்திவிட்டு மென்பொருளைத் திறந்தேன். மூன்று தட்டினேன். 'எத்தனை நிதிகள்?' என்று கேட்டது. நான்கு, ஒன்று, என்டர். கம்ப்யூட்டர் கொஞ்சம் முனகியது. பிறகு நாற்பத்தொரு கட்டங்களும் ஒவ்வொன்றாக விழுந்தன. முதல் ஆறு எனக்குப் பழகியவை. நீலமும் கறுப்பும் ஒன்றையொன்று ஒட்டிப் போயின. ஏழிலிருந்து அந்த ஒழுங்கு கலைந்தது. இருபத்தொன்பதில் கறுப்புக் கோடு ஏழு வருடத்துக்கு முன்புவரை நீலத்தோடு சேர்ந்தே போயிருந்தது. அதற்கப்புறம் ஒரு நாள் பிரிந்து, கீழ்ப்பக்கம் சரிய ஆரம்பித்திருந்தது, ஆள் இல்லாத வண்டி சரிவில் உருள்வது போல. நீலக் கோடு அது பாட்டுக்கு மேலே போய்க்கொண்டிருந்தது.

எங்கள் பிரிவுத் தலைவி கெட்டவர் இல்லை. எதையும் தெரிந்துகொள்ளாமல் இருக்கப் பழகியவர், அவ்வளவுதான். நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் இருபத்தொன்பதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"நாற்பத்தொண்ணு தட்டினீங்களா? யார் அனுமதி கொடுத்தா?"

"கேள்வி கேட்டுது மேடம். பதில் சொன்னேன்."

"அது கேள்வி இல்லைங்க. மரியாதைக்குக் கேக்கறது."

பிறகு அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். 'ஏன் ஆறு?' என்று தலைப்பு. எண்பத்துநான்கு பக்கம். தலைவரின் முன்னுரையோடு ஒரு நிபுணர் எழுதியது. மனிதக் கண் ஒரே நேரத்தில் ஆறுக்கு மேல் பார்த்தால் குழம்பும் என்பது முதல் அத்தியாயம். பூச்சிக்கு ஆறு கால் இருப்பதும் பகடைக்கு ஆறு முகம் இருப்பதும் மூன்றாம் அத்தியாயம். ஆறின் பெருமையைப் பற்றி ஊழியர்களுக்கு வருடந்தோறும் கட்டுரைப் போட்டிகூட நடக்கிறதாம். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மேடம், இந்த மென்பொருளை எழுதியவர் திரையில் அடங்கட்டும் என்று ஆறு போட்டு வைத்திருப்பார், வேறு எண் வேண்டுமென்றால் தட்டிக்கொள்ளத்தான் கேள்வியே கேட்கிறார் என்றேன். அவரும் யோசித்துத்தானே போட்டிருப்பார் என்றார் பிரிவுத் தலைவி.

மன்றத்திடம் எடுத்துச் சொல்ல வேண்டுமானால் 'பார்வை விரிவாக்க விண்ணப்பம்' கொடுக்க வேண்டும். மூன்று பிரதி. ஆறுக்கு மேல் பார்க்க ஏன் அனுமதி வேண்டும் என்பதற்கு ஆதாரப் படம் இணைக்க வேண்டும். ஆறுக்கு மேற்பட்ட படத்தை முன் அனுமதி இல்லாமல் இணைக்கக் கூடாது. ஆகவே நான் படத்தை வார்த்தையால் வரைந்தேன். 'இருபத்தொன்பதாம் நிதியில் கறுப்புக் கோடு மிகவும் கீழே இருக்கிறது' என்று எழுதி, அதற்கு அடியில் கோடு போட்டேன்.

அந்த மாதக் கூட்டத்தில் என் விண்ணப்பம் எட்டாவது பொருள். முதல் பொருள் கோட்டின் நிறம். இதற்கென்றே மன்றம் ஒரு வண்ண ஆலோசகரை வைத்திருக்கிறது. அவர் நீலத்தில் பதினேழு வகைகளை அட்டையில் ஒட்டிக்கொண்டு வந்திருந்தார். அவற்றில் எது 'நம்பிக்கை நீலம்', எது வெறும் நீலம் என்று ஒரு மணி நேரம் விவாதம் நடந்தது. துணைத் தலைவர் ஜன்னல் பக்கம் போய் அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அதற்குப் பிறகு ஆலோசகர் கறுப்புக்கு வந்தார்.

"கறுப்புக் கோடு மனசை உறுத்துதுன்னு உறுப்பினர்கள் நினைக்கறாங்க. அதனால நடந்ததை மெலிசா, சாம்பல் நிறத்துல போட்டுடலாம். நடந்திருக்க வேண்டியதைத் தடிமனா போடலாம். பாக்கறவங்க கண்ணு தானா தடிமனான கோட்டுக்குத்தான் போகும். நம்ம நேர்மைக்கும் குறைவு இல்ல, ரெண்டு கோடும் இருக்கு."

ஏகமனதாக நிறைவேறியது. நேர்மை என்ற வார்த்தையைக் குறிப்பேட்டில் அடிக்கோடிடச் சொன்னார்கள். அடுத்து, படத்தின் ஓரத்தில் உள்ள எண்களின் எழுத்து அளவு. அதற்கடுத்து, எண்களே தேவையா என்பது. நடுவில் டீயும் பிஸ்கட்டும். என் பொருள் வந்தபோது நான்கு நிமிடம் மிச்சம் இருந்தது. அதில் மூன்று நிமிடத்தைக் கண்ணாடி துடைக்கத் தலைவர் எடுத்துக்கொண்டார். விண்ணப்பத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு மிகவும் அன்பாகப் பேசினார்.

"இந்த மன்றம் பார்த்த எந்த நிதியும் நஷ்டப்பட்டதில்லை. பார்க்காத எந்த நிதியும் நஷ்டப்பட்டதா இந்த மேஜைக்குத் தகவல் வந்ததில்லை. ஆக, நாற்பத்தொண்ணும் நல்லா இருக்கு. இதுல விரிவாக்க என்ன இருக்கு, தம்பி?"

தகவல் இப்போதுதானே வந்திருக்கிறது, உங்கள் கையில் இருக்கும் காகிதம்தான் அது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கூட்டம் முடிந்தது என்று விளக்கைப் போட்டுவிட்டார்கள். 'படக்காரர் விளக்கத்தை மகிழ்ச்சியுடன் ஏற்றுக்கொண்டார்' என்று குறிப்பேட்டில் ஏறியது.

இனி இவர்களோடு மல்லுக்கட்டிப் பயனில்லை என்று தெரிந்தது. ரகசியக் காப்புப் பத்திரத்தில் நான் கையெழுத்துப் போட்டிருந்தேன். அதைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றோ இரண்டோ ஏதாவது ஒரு நல்ல நிதிக்கு உடனே மாற்றிக்கொள் என்றேன். அவள் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டுத் தரைத்தளக் கவுன்ட்டரில் வந்து நின்றாள். மாற்றல் ஃபாரம் ஒரே பக்கம்தான். கடைசி வரியில், தற்போதைய நிதியின் மேலாளர் கையெழுத்து வேண்டும் என்று இருந்தது. இருபத்தொன்பதின் மேலாளர் சுற்றுப்பயணத்தில் இருக்கிறார் என்றார்கள். எப்போதிலிருந்து என்று அக்கா கேட்டாள். கவுன்ட்டர்க்காரர் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஏழு வருடமாக என்றார். வருவார், உட்காருங்கள் என்றும் சொன்னார். அக்கா முட்டியைப் பிடித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள்.

மேலாளர்களின் அறைகள் அடித்தளத்தில் இருக்கின்றன. அங்கே நான் அதுவரை போனதே இல்லை. நீண்ட தாழ்வாரம், இருபக்கமும் எண் போட்ட கதவுகள், கதவுக்கு மேலே கண்ணாடி வழியாகத் தெரியும் விளக்கு. சாவிக்காரரைக் கூட்டிக்கொண்டு இருபத்தொன்பதைத் திறந்தேன். மேஜை, நாற்காலி, நாற்காலியின் முதுகில் ஒரு கோட்டு. சுவரில் ஏழு வருடத்துக்கு முந்தைய காலண்டர். மேஜைக்கு மேலே விளக்கு மட்டும் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது.

"சார் ரிட்டயர் ஆயிட்டாருங்க" என்றார் சாவிக்காரர். "அவருக்கு நல்லா பார்ட்டியெல்லாம் வெச்சாங்க. கோட்டை மறந்துட்டுப் போயிட்டாரு."

"அப்புறம் யாரும் வரலையா?"

"யாருங்க வருவா? மேல கேட்டாத்தான் ஆள் போடுவாங்க. மேல யாரும் இருபத்தொன்பதைக் கேட்டதே இல்லையே. நான் காலையில லைட்டு போடுவேன், சாயங்காலம் அணைப்பேன். லைட்டு எரிஞ்சா ஆள் வெளியே போயிருக்காருன்னு எழுதிக்குவாங்க. இப்படிப் பதினாலு ரூம் இருக்குங்க."

அந்த மனிதர் ஓய்வுபெற்ற அன்று என்ன வாங்கிப் போட்டிருந்தாரோ அதிலேயே இருநூற்றுப் பன்னிரண்டு பேரின் முதுமை ஏழு வருடமாகக் கிடந்து நசிந்துகொண்டிருந்தது. விளக்குக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை.

இந்த நேரத்தில்தான் அக்காவுக்கு மன்றத்திலிருந்து தங்க எழுத்து அழைப்பிதழ் வந்தது. மாநாட்டில் வருடந்தோறும் 'மௌன உறுப்பினர் விருது' கொடுப்பார்கள். நீண்ட காலம் உறுப்பினராக இருந்து ஒரு கேள்விகூடக் கேட்காதவருக்கு உரியது அது. விருது பெறுகிறவருக்கு மேடையில் என்டரைத் தட்டும் பாக்கியமும் உண்டு. இருபத்தாறு வருடம் வாயே திறக்காதவள் என்று அக்காவைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அவள் கவுன்ட்டரில் வந்து கேட்டது கணக்கில் வரவில்லை. விசாரணைப் பதிவேட்டில் ஒன்று முதல் ஆறு வரையான நிதிகளுக்குத்தான் பத்திகள் இருந்தன.

அக்கா அழைப்பிதழை மடித்து வைத்துவிட்டு, மேடையில் நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டாள். ஒன்றும் செய்ய வேண்டாம், ஒரு பொத்தானைத் தட்டினால் போதும் என்றேன்.

"வேற பொத்தானைத் தட்டினா?"

எனக்குப் பயமாக இருந்தது. வேலை போய்விடும் என்ற பயம்தான், அதை மறைப்பானேன். ஆனால் வெந்நீர்ப் பையைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் பேசாமல் இருக்க முடியும். நான்கு, ஒன்று, அப்புறம் என்டர் என்று சொன்னேன். அக்கா அதை இரண்டு முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

மாநாட்டு மண்டபத்தில் எழுநூறு பேர் இருந்தார்கள். நான் மேடையின் ஓரத்தில் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருந்தேன். தலைவர் அக்காவுக்குக் கேடயம் கொடுத்துவிட்டு மைக்கைப் பிடித்தார். நம்பிக்கை என்பது கேட்காமல் இருப்பது. கேட்கிறவர் சந்தேகப்படுகிறார், சந்தேகப்படுகிறவர் சேமிக்கத் தெரியாதவர். இந்த அம்மையார் இருபத்தாறு ஆண்டுகள் நம்மை ஒரு வார்த்தை கேட்கவில்லை, இப்படி எல்லோரும் இருந்துவிட்டால் இந்த மன்றம் எவ்வளவு நிம்மதியாக இருக்கும் என்று தழுதழுத்தார். முன்வரிசை கைதட்டியது. விளக்கை அணைத்தார்கள். எல்லோரும் "மூன்று" என்றார்கள். மூன்று தட்டினேன். 'எத்தனை நிதிகள்?' என்று திரை கேட்டது. எழுநூறு பேரும் மௌனமானார்கள். துணைத் தலைவர் இருமினார்.

அக்கா குனிந்து, ஒற்றை விரலால், நிதானமாகத் தட்டினாள். நான்கு. ஒன்று. என்டர்.

சுவர் அகலத்துக்கு நாற்பத்தொரு கட்டங்கள் விழுந்தன. மண்டபத்தில் ஆளாளுக்குத் தங்கள் எண்ணைத் தேட ஆரம்பித்தார்கள். நீலத்தைத் தடிமனாக்கிய புண்ணியத்தில், நடந்தது மெலிந்த சாம்பலாக இருந்தும் அது எவ்வளவு கீழே கிடக்கிறது என்பது கடைசி வரிசைவரை தெரிந்தது. அக்கா மைக்குக்குப் போனாள்.

"இருபத்தொன்பது என்னோடது. அந்தக் கோடு ஏன் கீழ கிடக்குது?"

தலைவர் இரைச்சல் என்றார். ஏழு வருஷமாவா, என்று அக்கா கேட்டாள். அதற்குள் பின்வரிசையில் ஒருவர் எழுந்து, இருபத்தொன்பதுக்கு யார் மேலாளர், அவரை எழுந்து நிற்கச் சொல்லுங்கள் என்றார். நான்கைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். பிறகு அந்த மூலையே எழுந்துவிட்டது. மேடையில் இருந்த பதினான்கு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தலைவரின் கண் மேடையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கம்ப்யூட்டர் பக்கம் வந்து நின்றது. பதினோரு வருடத்தில் அவர் ஒரே நொடியில் எடுத்த முடிவு அது ஒன்றுதான்.

"இதோ இருக்கிறார் மேலாளர். படம் போட்டவரைவிட அந்த நிதியைத் தெரிஞ்சவர் யார்? இன்னிக்கே பொறுப்பேற்கிறார். இருபத்தொன்பதிலிருந்து மாற விரும்பறவங்களுக்கு இன்னும் ஒரு வாரம் அவகாசம் தர்றோம். இந்த மன்றம் எதையும் மறைக்காது."

பலத்த கைதட்டல். எனக்கும் உள்ளுக்குள் குளிர்ந்துபோய்விட்டது, அதைச் சொல்லத்தான் வேண்டும். தேவைப்பட்டது ஒரு கையெழுத்து. அந்தக் கை இப்போது என்னுடையது. மேடையிலிருந்து இறங்கும்போது அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

மறுநாள் இருபத்தொன்பதாம் அறைக்கு வெளியே தாழ்வாரம் முழுக்க வரிசை. கோட்டை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். ஒவ்வொரு ஃபாரத்தையும் பிரிவுத் தலைவி வாங்கி விதிப்புத்தகத்தோடு ஒப்பிட்டுவிட்டு என்னிடம் தள்ளுவார், நான் கையெழுத்துப் போடுவேன், அவர் முத்திரை குத்துவார். தச்சர், நர்ஸ், தபால்காரர், பள்ளிக்கூட டீச்சர் என்று வரிசை நகர்ந்தது. நாற்பதுக்கு மேல் முடிந்தபோது அக்கா வந்தாள். கடைசி டிரிப் முடிந்து சீருடையோடேயே வந்திருந்தாள். ஃபாரத்தை மேஜையில் வைத்தாள்.

"கையெழுத்தைப் போடுடா. வண்டியை டிப்போவுல விடணும்."

பிரிவுத் தலைவியின் கை முத்திரையோடு நடுவில் நின்றது.

"மேலாளரை டா போட்டுப் பேசறாங்களே, யார் இவங்க?"

நான் யோசிக்கவே இல்லை. "என் அக்கா மேடம்" என்றேன். பெருமையாகவே சொன்னேன். அவர் விதிப்புத்தகத்தைத் திருப்பி, ஒரு பக்கத்தில் விரலை வைத்து என் பக்கம் நகர்த்தினார். மேலாளர் தம் ரத்த உறவினரின் ஃபாரத்தில் கையெழுத்திடக் கூடாது. அப்படியானால் வேறு யார் போடலாம் என்றேன். மேலாளர் மட்டும்தான் போடலாம் என்றார். அந்தப் புத்தகத்தில் முந்நூறு விதிகள் இருக்கின்றன. ஏழு வருடம் ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தபோது அவற்றில் ஒன்றுகூட வாய் திறக்கவில்லை.

நான் பதவியை விட்டுவிடுகிறேன், வேறு யாரையாவது போடுங்கள் என்று ஒன்பதாவது மாடிக்கு ஓடினேன். தலைவர் உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். நான் விலகினால் வேறு ஆள் போட ஐந்து மாதம் ஆகும், அவகாசம் முடிய ஆறு நாள்தான் இருக்கிறது, அதுவரை கையெழுத்தே இல்லாமல் வரிசையில் நிற்கிற மற்றவர்களும் மாட்டிக்கொள்வார்கள் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். கணக்கு சரியாகவே இருந்தது. கடைசியில் என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"உங்க அக்காவுக்கு மட்டும் சலுகை காட்டினா மக்கள் நம்மளைப் பத்தி என்ன நினைப்பாங்க, தம்பி?"

இருநூற்றுப் பதினொரு கையெழுத்துப் போட்டேன்.

இப்போது இருபத்தொன்பதாம் நிதியில் ஒரே ஓர் உறுப்பினர் இருக்கிறாள். மேலாளர்தானே, இருப்பதை விற்று நல்லதாக வாங்கிப் போடலாமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். மாநாட்டுக்குப் பிறகு உறுப்பினர் நலன் காக்கப் புது விதி வந்துவிட்டது. மன்றம் படத்தைப் பார்த்துக் குறிப்பு எழுதாமல் எந்த மேலாளரும் எதையும் வாங்கவோ விற்கவோ கூடாது. மன்றம் பார்ப்பது ஆறு. மாநாட்டு மேடைக்குப் புது விசைப்பலகை வாங்கியிருக்கிறார்கள், அதில் ஒரே ஒரு பொத்தான்தான். 'ஏன் ஆறு?' இரண்டாம் பதிப்பு கண்டிருக்கிறது. ஆண்டறிக்கையில், இருபத்தொன்பதாம் நிதியில் அதிருப்தியாளர் எண்ணிக்கை இருநூற்றுப் பன்னிரண்டிலிருந்து ஒன்றாகக் குறைந்தது ஒரு சாதனையாகப் பெட்டி கட்டி வந்திருக்கிறது.

டாக்டர் சொன்ன வருடம் முடிந்துவிட்டது. அக்கா முட்டியில் பட்டையைக் கட்டிக்கொண்டு இன்னும் ஓட்டுகிறாள். காலையில் நான் அவள் பஸ்ஸில்தான் அலுவலகம் போகிறேன், டிரைவர் சீட்டுக்குப் பின்னால் நின்றுகொண்டு. ஒவ்வொரு கியருக்கும் அவள் இடது கால் மிதிக்கும்போது தோள் லேசாகத் தூக்கிப் போடும்.

இன்றும் ஒன்பது மாடிக் கட்டடத்தின் முன்னால் பிரேக்கைப் போட்டுவிட்டு, கண்ணாடியில் என்னைப் பார்த்து, அந்த ரத்த உறவு விதியைப் படித்த நாளிலிருந்து அவள் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னாள்.

"ஆபீஸ் வந்தாச்சு சார். இறங்குங்க."